கடைசி இடத்தில் இருப்பவருக்காக ஒரு போர்டு கேம்

எங்கள் குழுவில் ஐந்து பேர். வாரத்தில் ஒரு மாலை, மூன்று மணி நேரம் போல ஆடுவோம். மூலை தேய்ந்து டேப் ஒட்டிய பெட்டிகளும் எங்களிடம் உண்டு, இரண்டு முறை ஆடிவிட்டு அலமாரியில் ஏற்றியவையும் உண்டு. புதிதாகக் குழு சேர்க்கும் நண்பர்கள் எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டால், தரவரிசைப் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் என்பேன். ஒரு விளையாட்டு சிறந்ததாக இருக்கலாம். ஆனால் அதே நான்கைந்து பேர் வாரா வாரம் உட்கார்ந்து ஆடுவதற்கு அது தோதாக இருக்குமா என்பதைப் பட்டியல் சொல்லாது.

நான் பார்ப்பது ஒன்றுதான். அன்றைக்குக் கடைசி இடத்தில் இருப்பவரை அந்த ஆட்டம் எப்படி நடத்துகிறது? ஜெயிக்கிறவருக்கு எந்த ஆட்டமும் இனிக்கத்தான் செய்யும். பின்தங்கியவருக்குக் கடைசி வரை யோசிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? தன் முறை வரும் வரை எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்? முடிந்ததும் இன்னொரு ஆட்டம் போடலாம் என்கிறாரா, ஃபோனைக் கையில் எடுக்கிறாரா? ஒரு குழு உடைவது பெரும்பாலும் அந்த நாற்காலியிலிருந்துதான். அங்கே உட்கார்ந்து பார்த்தே கீழே உள்ளவற்றை ஒப்பிடுகிறேன்.

கட்டானா, டிக்கெட் டு ரைடா?

பெரும்பாலான குழுக்கள் இந்த இரண்டில் ஒன்றில்தான் தொடங்குகின்றன. கட்டான், கிளாஸ் டாய்பர் உருவாக்கி 1995இல் ஜெர்மனியில் வெளிவந்தது. டிக்கெட் டு ரைடு, ஆலன் மூன் உருவாக்கியது, 2004. இரண்டும் வெளிவந்த ஆண்டிலேயே ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதை வாங்கியவை. விதிகளைக் கால் மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

கட்டானின் உயிர் பேரத்தில் இருக்கிறது. 19 அறுகோணத் துண்டுகளால் ஆன ஒரு தீவு, ஐந்து வகைப் பொருள், யாரிடமும் எல்லாம் கிடையாது. "மரம் தருகிறேன், செங்கல் உண்டா?" என்று மேசை முழுக்கப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். புது ஆட்களின் கூச்சத்தை இவ்வளவு சீக்கிரம் போக்கும் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் தொடக்கத்தில் இரண்டு குடியிருப்புகளை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே ஆட்டத்தின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. துண்டுகளில் எண்கள் இருக்கும்; பகடையில் அந்த எண் விழுந்தால்தான் அதன் பக்கத்தில் குடியிருப்பு வைத்தவருக்குப் பொருள் கிடைக்கும். இரண்டு பகடைகள் 36 விதமாக விழலாம். அதில் 7 விழ ஆறு வழி, 6க்கும் 8க்கும் தலா ஐந்து வழி, 2க்கும் 12க்கும் ஒரே ஒரு வழி. இது தெரியாமல் 12இன் பக்கத்தில் குடியேறியவர், முதல் ஐந்து நிமிடத்தில் செய்த தவறுக்கு ஒரு மணி நேரம் பலன் அனுபவிக்கிறார்.

தெரிந்து ஆடினாலும் சில நாள் அப்படித்தான் ஆகும். எங்கள் குழுவில் ஒருத்தி ஒருமுறை 6லும் 8லும் கச்சிதமாக வைத்தாள். நல்ல இடம் என்பதாலேயே, முதல் 7 விழுந்தபோது திருடன் (உட்கார்ந்த துண்டில் பொருள் வராமல் தடுக்கும் காய்) அவளுடைய 8இல் வந்து உட்கார்ந்தான். வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டுமென்றால் இன்னொரு 7 விழ வேண்டும், இல்லையென்றால் வீரர் அட்டை வேண்டும். அந்த அட்டையை வாங்கத் தாதுவும் கோதுமையும் ஆடும் தேவை. அவள் கையில் இருந்ததோ மூன்று ஆடுகள். ஆடு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பகடையை உருட்டுவாள், ஒன்றும் வராது, அடுத்தவரிடம் நகர்த்துவாள். நாற்பது நிமிடம் கழித்தும் மூன்று புள்ளிதான், எதிரே இருந்தவருக்கு எட்டு. அந்த நாற்பது நிமிடத்தில் அவள் எடுக்க வேண்டிய முடிவென்று எதுவும் இருக்கவில்லை. பத்துப் புள்ளிக்கு முதலில் போகிறவர் ஜெயிக்கும் ஆட்டத்தில், மற்றவர்களுக்கு அன்று நல்ல மாலை. அதற்குப் பிறகுதான் இரண்டு புள்ளியைத் தாண்டாதவர்மேல் திருடனை வைக்கக் கூடாது என்று ஒரு வீட்டு விதி போட்டோம். கட்டான் ஆடும் எந்தக் குழுவுக்கும் அதைச் சொல்வேன்.

டிக்கெட் டு ரைடில் உங்கள் முறையில் மூன்றே வேலைகளில் ஒன்று: வண்ண அட்டை எடுப்பது, ரயில் பாதை போடுவது, புது டிக்கெட் (இரண்டு ஊர்களை இணைக்கச் சொல்லும் சீட்டு) எடுப்பது. சில நொடிகளில் அடுத்தவருக்குப் போய்விடும். கடைசி இடத்தில் இருப்பவருக்கு இது தரும் பெரிய சலுகை, டிக்கெட்டுகள் கடைசி வரை மூடியே இருப்பது. பலகையில் இருபது புள்ளி பின்னால் நிற்பவர் கையில் சியாட்டில்–நியூயார்க் டிக்கெட் இருக்கலாம். முடித்தால் அது ஒன்றே 22 புள்ளி. யார் முன்னால் இருக்கிறார்கள் என்பது உறுதியாகத் தெரியாததால், யாரும் மனம் விடுவதில்லை.

அதில் பதற்றமே இல்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க வரைபடத்தில் நாஷ்வில்லுக்கும் அட்லாண்டாவுக்கும் இடையே ஒரே ஒரு பெட்டி நீளமுள்ள பாதை. அதன் மதிப்பு ஒரே புள்ளி. ஆனால் தெற்கே இறங்க நினைக்கும் எல்லோர் கண்ணும் அதன்மேல்தான். இன்னும் ஒரு அட்டை சேர்த்துவிட்டுப் போடலாம் என்று காத்திருக்கும்போது, இன்னொருவர் ஒற்றை ரயிலை அங்கே வைத்துவிட்டால் நெஞ்சு திக்கென்று ஆகும். முடிக்காத டிக்கெட்டின் புள்ளிகள் கழியும் என்பதும் வலிக்கும். ஆனால் அந்த வலி ஆட்டம் முடிந்த பிறகு வருகிறது, நடுவில் உங்களை வேடிக்கை பார்க்க வைப்பதில்லை.

ஐந்து பேருக்கு டிக்கெட் டு ரைடை அப்படியே ஆடலாம். கட்டானின் அடிப்படைப் பெட்டி மூன்று, நான்கு பேருக்குத்தான், ஐந்தாவது ஆளுக்குக் கூடுதல் பெட்டி வாங்க வேண்டும். ஆகவே என் ஓட்டு டிக்கெட் டு ரைடுக்கு. ஒரு குறையை மறைக்கக் கூடாது. ரயில் வரைபடம் மாறாது, கட்டானின் தீவு ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும். வாரா வாரம் ஆடினால் சில மாதங்களில் டிக்கெட்டுகள் மனப்பாடமாகி, அடுத்தவர் எங்கே போகிறார் என்று ஊகித்து வழி மறிக்கத் தொடங்குவீர்கள். அது பிடித்தவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கட்டத்தில் வேறு வரைபடம் தேவைப்பட்டது.

ஆள் கூடினால் செவன் வொண்டர்ஸ், குறைந்தால் விங்ஸ்பேன்

செவன் வொண்டர்ஸ் அந்துவான் போசா உருவாக்கி 2010இல் வந்தது. மூன்று பேர் முதல் ஏழு பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவருக்கும் கட்டி முடிக்க ஓர் உலக அதிசயம் உண்டு. எல்லோரும் கையில் உள்ள சீட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்தில் தள்ளுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடுவதால் மூன்று பேர் ஆடினாலும் ஏழு பேர் ஆடினாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஒரு யுகத்துக்கு ஆறு சீட்டு, மூன்று யுகம், மொத்தம் பதினெட்டு முடிவுகள். அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். தோற்றவருக்கு அன்றைக்கே மறு ஆட்டம் கிடைக்கும்.

போரும் வணிகமும் இடப்பக்கத்தாருடனும் வலப்பக்கத்தாருடனும் மட்டுமே. அதனால் பக்கத்தில் யார் என்பது பெரிய விஷயம். விஞ்ஞானச் சீட்டுகளில் ஒரே குறி மூன்று சேர்ந்தால் 9 புள்ளி, நான்கு சேர்ந்தால் 16. பக்கத்தில் இருப்பவர் அதைக் குவிக்கிறார் என்றால், உங்களுக்குப் பயன்படாத அந்தச் சீட்டை எடுத்து உங்கள் அதிசயத்தின் அடியில் புதைக்க வேண்டியிருக்கும். தன் முன்னால் மட்டும் பார்த்து ஆடும் புதியவர் இதைக் கவனிக்க மாட்டார். சின்னங்களும் முதல் ஆட்டத்தில் தலையைச் சுற்ற வைக்கும். முதல் ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல், சீட்டுகளைத் திறந்து வைத்தே ஆடிவிடுங்கள்.

விங்ஸ்பேன், எலிசபெத் ஹார்கிரேவின் படைப்பு, 2019. 170 பறவைச் சீட்டுகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு இனம். காடு, புல்வெளி, ஈரநிலம் என மூன்று வரிசைகளில் பறவைகளை அமர்த்தி, முட்டையிட வைத்து, உணவு சேர்க்க வேண்டும். நான்கு சுற்றுகளில் 8, 7, 6, 5 என்று மொத்தம் 26 வாய்ப்புகள். வரிசை நீள நீள ஒரு செயல் பல பலன்களைத் தரும். தோற்றாலும் நீங்கள் கட்டியதை யாரும் இடிக்க மாட்டார்கள், மேசையில் உங்கள் பறவைகள் இருக்கும். மனம் நோகாத ஆட்டம். ஆனால் ஐந்து பேர் ஆடும்போது அடுத்தவர் ஒவ்வொரு பறவையாகச் செயல்படுத்தி முடிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும், அவர் செய்வது உங்களைப் பெரிதாகத் தொடுவதுமில்லை. மூன்று பேர் வந்த மாலைகளில் எங்களுக்கு விங்ஸ்பேன். ஐந்து பேர் வந்தால் எடுப்பதே இல்லை.

முழு மாலையும் ஒரே ஆட்டம் என்றால்

இங்கே எனக்கு மிகவும் பிடித்த போட்டி: டெராஃபார்மிங் மார்ஸா, பிராஸ் பர்மிங்ஹாமா?

முதலாவது யாக்கோப் ஃப்ரிக்ஸீலியஸ் உருவாக்கி 2016இல் வந்தது. செவ்வாய்க் கிரகத்தின் வெப்பநிலையை மைனஸ் 30 டிகிரியிலிருந்து 8 வரை, ஆக்சிஜனை 14 சதவீதம் வரை உயர்த்தி, ஒன்பது கடல்களை உண்டாக்க வேண்டும். மூன்றும் முடியும்போதுதான் ஆட்டம் முடியும். இருநூறுக்கு மேற்பட்ட திட்டச் சீட்டுகள் இருப்பதால் ஒரு ஆட்டம்போல் இன்னொன்று இருப்பதில்லை. பின்தங்கியவருக்கும் தன் சொந்த நிறுவனத்தை வளர்க்கும் வேலை இருந்துகொண்டே இருக்கிறது, அது நல்லது. ஆனால் வருமானம் அதிகமுள்ளவர் ஒரு தலைமுறைக்குள் (இந்த ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு அந்தப் பெயர்) அதிக செயல்களைச் செய்வார். காசு தீர்ந்தவர் பாஸ் சொல்லிவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து பேர், அதில் இருவர் புதியவர்கள் என்றால் மூன்று மணி நேரத்தையும் தாண்டும். அந்தக் காத்திருப்பு எப்போதும் கடைசி ஆள் தலையில்தான் விழுகிறது.

பிராஸ் பர்மிங்ஹாம் 2018இல் வந்தது. தொழிற்புரட்சிக் காலத்து இங்கிலாந்து, முதல் பாதி கால்வாய், இரண்டாம் பாதி ரயில். பார்த்தால் இருட்டான பலகை, கடினமான விதிகள். ஆனால் தோற்கிறவரை இவ்வளவு யோசித்துக் கவனித்துக்கொள்ளும் ஆட்டம் எனக்குத் தெரிந்து இதுதான். நீங்கள் ஒரு நிலக்கரிச் சுரங்கம் கட்டுகிறீர்கள். முன்னணியில் இருப்பவருக்கு ரயில் பாதை போட நிலக்கரி வேண்டும், மிக அருகில் இருப்பது உங்கள் சுரங்கம்தான். அவர் உங்களிடமிருந்து எடுத்தே ஆக வேண்டும். கடைசிக் கட்டியை எடுத்ததும் உங்கள் சுரங்கத் துண்டு மறுபக்கம் புரட்டப்படுகிறது, உங்கள் வருமானம் ஏறுகிறது. அவர் முன்னேறினால் நீங்களும் கொஞ்சம் நகர்கிறீர்கள். பீருக்கும் அப்படித்தான், சரக்கு விற்க அவர் உங்கள் பீர் ஆலையைப் பயன்படுத்தினால் பலனில் உங்களுக்கும் பங்கு.

இன்னொன்று, ஆடும் வரிசை. ஒவ்வொரு சுற்றிலும் குறைவாகச் செலவு செய்தவர் அடுத்த சுற்றில் முதலில் ஆடுவார். காசில்லாமல் சிறிதாக ஆடியவருக்கு மறு சுற்றில் எல்லோருக்கும் முன்னால் இடம் பிடிக்கும் வாய்ப்பு. ஒரு சுற்றில் கடைசியாக ஆடி அடுத்த சுற்றில் முதலாகவும் ஆடினால், ஒரு முறைக்கு இரண்டு செயல் என்பதால், தொடர்ந்து நான்கு செயல்கள் கையில். கடன் வாங்குவதும் அவமானம் இல்லை: 30 பவுண்டு கிடைக்கும், வருமானம் மூன்று படி இறங்கும், நன்றாக ஆடுகிறவர்களும் வாங்குகிறார்கள். அப்புறம், நால்வர் ஆடும்போது ஒரு காலகட்டத்துக்கு எட்டுச் சுற்று என்பது முதலிலேயே தெரியும். மார்ஸைப் போல எப்போது முடியும் என்று தவிக்க வேண்டியதில்லை.

பிராஸில் நான்கு பேருக்கு மேல் இடமில்லை, எங்களுக்கு அது ஒன்றுதான் தடை. ஐந்து பேரும் வரும் வாரம் மார்ஸ், ஒருவர் வராத வாரம் பிராஸ் என்று வைத்திருக்கிறோம். மனதுக்குள் எனக்கு எப்போதும் பிராஸ்தான்.

கூட்டாக ஆடும் பேண்டமிக்கில் கடைசி இடமே கிடையாதே என்று சிலர் சொல்வார்கள். மேட் லீகாக்கின் 2008 ஆட்டம் அது, நான்கு நோய்களுக்கும் மருந்து கண்டுபிடித்தால் எல்லோரும் ஜெயிக்கலாம். உண்மையில் அங்கேயும் ஒருவர் கடைசியில் இருப்பார். விதி நன்றாகத் தெரிந்தவர் "நீ இங்கே போ, அந்த அட்டையை அவருக்குக் கொடு" என்று சொல்லச் சொல்ல, காயை மட்டும் நகர்த்திக்கொண்டு ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருப்பார். அவரைப் பாருங்கள். அனுபவசாலி கேட்டால் மட்டுமே யோசனை சொல்வது என்று குழு ஒப்புக்கொண்டால் பேண்டமிக் அருமை, இல்லையென்றால் வேண்டாம்.

ரிஸ்க் போன்ற, பாதியில் ஆளை வெளியேற்றும் ஆட்டங்களை வாராந்திரக் குழுவுக்கு நான் சொல்வதே இல்லை. வெளியேறியவர் இரண்டு மணி நேரம் என்ன செய்வார்?

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இந்த வாரம் கடைசியாக வந்தவர்தான் அடுத்த வாரப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பார். போன வாரம் அது நான். அடுத்த வாரம் ஒருவர் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார், நான்கு பேர்தான். பிராஸை எடுத்துத் தூசு தட்டி மேசையில் வைத்துவிட்டேன்.