வன்னியில் ஒரு மனநலக் கிளினிக்: எட்டு மாத அனுபவம்

என் கணவரை, இவரை, மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கி எட்டு மாதம். அரச வைத்தியசாலைதான், குறையும் சொல்லப்போவதால் பெயரை எழுதவில்லை. விசுவமடுவில் இருந்து விடிய முதல் பஸ்ஸில் போய்த் துண்டு எடுத்தால் பத்து மணிக்குள் டொக்டரைப் பார்க்கலாம். ஒரு சதமும் செலவில்லை, குளிசையும் அங்கேயே தருவார்கள்.

இவர் 2009 மேயில் போர் முடியும் வரை புலிகள் இயக்கத்தில் களத்தில் நின்றவர். அப்புறம் தடுப்பு, புனர்வாழ்வு. ஏறத்தாழ 12,000 பேர் அப்படி வந்தார்கள். வீட்டுக்கு வந்தும் இவருக்கு இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை இல்லை. திருவிழா வெடிக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போவார். பிறகு வெட்கத்தில் இரண்டு நாள் பேச்சே இருக்காது. ஊர் குடிகாரன் என்றது. நித்திரைக்காகத்தான் குடிக்கத் தொடங்கினார் என்பது எனக்குத் தெரியும்.

முதல் நாள் படிவத்தில் முன்பு செய்த தொழிலைக் கேட்டதும் எழும்பிவிட்டார். இந்த விவரம் எங்கே போகுமோ என்ற பயம், எங்களுக்குப் புதிதில்லை. விவரம் எடுத்த பிள்ளை பேனையை மூடி வைத்துவிட்டு, "அண்ணா, நித்திரை எப்படி?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் இவர் திரும்ப உட்கார்ந்தார்.

டொக்டர் செர்ட்ரலின் என்ற குளிசை எழுதினார். வேலை செய்ய நாலு, ஆறு கிழமை எடுக்கும், சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்று என்னையும் கூப்பிட்டுச் சொன்னார். அதை முதலே சொன்னது பெரிய உதவி. மூன்றாம் கிழமை நானே நிறுத்தியிருப்பேன். இது பைத்தியம் இல்லை, மனவடு என்றார். இவர் அதைத் தன் பாஷையில் சொன்னார்: "உடம்பு இன்னும் சென்றியில (காவலில) நிக்குது, மாத்த ஆள் வரேல்ல." இப்போது நாலைந்து மணித்தியாலம் தூங்குகிறார். குடி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

குறைகள். எட்டு மாதத்தில் மூன்று டொக்டர்கள் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்லவேண்டும், சொன்ன இரவு கனவு கூடும். பழைய குறிப்பை வாசித்துவிட்டுக் கூப்பிடலாமே. பெயரை நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவதால் வாசலோடு திரும்பிய ஒருவரை நானே கண்டேன். துண்டில் இலக்கம் இருக்கிறது, அதைச் சொன்னால் போதும்.

மாதம் ஒருநாள்தான் கிளினிக். இடையில் இரவு தாங்கமுடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் 24 மணித்தியாலமும் இருக்கிறது.

இன்னொன்று, காத்திருக்கும் வாங்கு. நடைபாதை நடுவில், ஆட்கள் முதுகுக்குப் பின்னால் போய்வரும்படி போட்டிருக்கிறார்கள். இவர் அதில் ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டு வாசலும் தெரியும் மூலையில் மூன்று மணித்தியாலம் நிற்பார். சுவரோடு போடச்சொல்லி இரண்டு தரம் கேட்டேன். போன மாதம் இவரே ஒரு பக்கம் பிடித்தார். அதுவரை எதிர்ச் சுவரோடு சாய்ந்து நின்ற ஓர் ஐயா, ஒன்றும் கேட்காமல் வந்து மற்றப் பக்கம் பிடித்தார்.