சில்வர் ஓக் சருகு மூடாக்கு: நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

கோத்தகிரியில் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் தோழி போன வாரம் கேட்டாள்: "தோட்டம் முழுக்கக் களிமண். என்ன மூடாக்குப் போடலாம், அக்கா?" அவள் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் நான் நட்ட 60 முட்டைக்கோஸ் நாற்றுகளில் 11 மட்டும் மிஞ்சியிருப்பதை எண்ணிவிட்டு வந்திருந்தேன்.

கேத்தியில் எங்கள் மண்ணும் சிவந்த களிதான். ஈரத்தில் மண்வெட்டியை விடாது. காய்ந்தால் மண்வெட்டியே இறங்காது. வெறுமையாக விட்டால் ஆடி மழை மேல்மண்ணை அடித்து அடைத்துவிடும். பிறகு வருகிற தண்ணீர் உள்ளே போகாமல் மண்ணையும் இழுத்துக்கொண்டு சரிவில் ஓடும். அதனால் மண்ணின் மேல் சருகு போன்றதைப் பரப்பி மூடும் மூடாக்கு வேண்டுமா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

தென்னை நார்க்கழிவு போட்டுப் பார்த்தேன். மணற்பாங்கான நிலத்துக்கு அது வரம். மழைக்காலக் களிமண்ணுக்கு மேல் அது ஊறிய மெத்தை. வேர் மூச்சுவிட வழியில்லை. கற்பூர மரச் (யூகலிப்டஸ்) சருகில் உள்ள எண்ணெய் விதை முளைப்பதைக் கெடுக்கும். மரத்தூளை மேலே தூவினால் பரவாயில்லை. நான் மண்ணோடு கொத்திவிட்டேன். அது மட்குவதற்குத் தழைச்சத்தை எடுத்துக்கொண்டதில் பீட்ரூட் இலைகள் வெளுத்துப்போயின. பைன் ஊசி நல்ல பொருள்தான். ஆனால் காப்புக்காட்டுக்குள் போய் வாரிவருவது சரியல்ல.

கடைசியில் நிலைத்தது சில்வர் ஓக் சருகு. தேயிலைக்கு நிழல்மரமாக எங்கும் நிற்பதால் பக்கத்துத் தோட்டக்காரரே மூட்டைகட்டிக் கொடுக்கிறார். பெரணி இலைபோல் கீறிக்கீறி இருப்பதால் நனைந்தாலும் அப்பளமாக ஒட்டிக்கொள்வதில்லை, மழைநீர் இடையில் இறங்கிவிடுகிறது. மண் நனைந்து, தேங்கிய நீர் வடிந்தபின் 3 அங்குல உயரத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு கையகலம் விட்டுவிடுவேன். மூன்றாம் ஆண்டு பங்குனியில் சருகை விலக்கி விரலால் குத்தினேன். விரல் முழுதாக உள்ளே போனது! மண்புழு எச்சம் மணிமணியாகக் கிடந்தது. மண்வெட்டியால் முடியாததைச் சருகும் புழுவும் செய்திருந்தன. அந்த மண்ணை ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு போய் வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

ஆனால் அந்தச் சருகுக்கு அடியில்தான் ஓடில்லா நத்தைகள் குடியிருக்கின்றன. குளிர்ச்சி, இருட்டு, ஈரம் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு வேறென்ன வேண்டும்? பகலில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போனால் நாற்றுக்கு இரண்டு மூன்று இருக்கும். குருத்தைத் தின்றுவிட்டால் அந்த நாற்று தேறாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்கோட்டுடன் குனிந்து பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போடுவதே என் இரவு வேலை. பாத்தியிலேயே உப்பைத் தூவச் சொல்கிறவர்கள் உண்டு. களிமண்ணில் அதைச் செய்யவே கூடாது. உப்பிலுள்ள சோடியம் களித்துகள்களைப் பிரித்து மண்ணை மறுபடியும் இறுக்கிவிடும். மூன்று ஆண்டு உழைப்பு பாழாகும்.

இன்னொரு குறை மார்கழியில் தெரிந்தது. பகலில் மண் வாங்கிய சூட்டை இரவில் வெளியே விடவிடாமல் சருகு தடுக்கிறது. அதனால் மேலே உள்ள இலைகளுக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. உறைபனி விழுந்த காலையில், மூடாக்கு இல்லாத பாத்தியைவிட மூடாக்குப் போட்ட பாத்தியில்தான் உருளைக்கிழங்கு இலைகள் அதிகம் கருகியிருந்தன. பனி விழும் பள்ளத்தில் இருப்பவர்கள் அந்த மாதங்களில் சருகை ஒதுக்கிவைப்பது நல்லது.

மண்ணுக்கு இதைவிட நல்ல மூடாக்கை நான் கண்டதில்லை. ஆனாலும் தோழியிடம், காய்கறிப் பாத்திக்கு மழைக்காலத்தில் இதைப் போடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாற்று முழங்கால் உயரம் வந்தபின் பரப்பிக்கொள்ளட்டும். அதுவரை மட்கிய உரத்தை ஓர் அங்குலத்துக்கு மெல்லியதாகத் தூவினால் போதும். ரோஜாவுக்கும் ஹைட்ராஞ்சியாவுக்கும் தாராளமாகப் போடலாம், முற்றிய தண்டை நத்தை ஒன்றும் செய்யாது. நேற்று முட்டைக்கோஸ் பாத்திச் சருகை முழுவதும் வாரி ஹைட்ராஞ்சியா அடியில் கொட்டினேன். இரவு மறுபடியும் டார்ச்சோடு போனேன். 11 நாற்றும் இருந்தன.