பழைய கணினியா, மெய்நிகர்க் கணினியா?

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அமைத்த கோவில் மலர்களையும் கல்வெட்டுகளையும் (இறந்தோர் நினைவு நூல்கள்) பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர் பலர், விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியைத் திருத்துவதா, புதிய மடிக்கணினியில், கணினிக்குள் இன்னொரு மெய்நிகர்க் கணினியை இயக்கும் வெர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருள் வழியாக அதே எக்ஸ்பியை நிறுவுவதா என்று தடுமாறுகிறார்கள்.

செலவு: வெர்ச்சுவல்பொக்ஸ் இலவசம், பழையதற்கு உதிரிப்பாகங்களைத் தேடி அலையவேண்டும்.

நீடிப்பு: உப்புக்காற்றில் நினைவகப் பட்டையின் (RAM) முனைகள் கறுத்து, கணினி எழும்பாமல் கூவும், அழிறப்பரால் மெல்லத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் வன்தட்டு போனால் கோப்புகளும் போய்விடும். மெய்நிகர்க் கணினியையோ முழுதாகப் பிரதியெடுத்து வைக்கலாம்.

இலகு: 1.44 மெகாபைட் பிளொப்பித் தட்டைப் பழையது நேரே வாசிக்கும். அந்தத் தடித்த விசைப்பலகையில் பாமினி அடிக்கும் சுகமும் தனி.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 இல் நின்றுவிட்டதால் இரண்டையும் இணையத்தில் இணைக்கக்கூடாது. பிளொப்பிகள் மிஞ்சியிருப்போர் முதலில் பழையதைத் திருத்தி அவற்றைப் பிரதியெடுக்கட்டும். கோப்புகளைத் திறந்து திருத்தி அச்சுக்குக் கொடுப்பதே தேவையெனில் மெய்நிகர்க் கணினியே போதும்.