40 டொலர் மியூகோ பைன்: இரண்டு வருடம் வைத்துப் பார்த்தபின்

ரொறன்ரோவில் பனி கரைந்ததும் பெரிய கடைகளின் தோட்டப் பகுதியில் மியூகோ பைன் கன்றுகள் வரிசையாக வந்து நிற்கும். வீட்டு முன்றலில் நடத்தான் பெரும்பாலும் வாங்குவார்கள். பொன்சாய் தொடங்க ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வதும் இதே கன்றைத்தான். அல்ப்ஸ் மலைப்பக்கத்து மரம், எங்கள் குளிர் அதற்குப் பழக்கம். கிளைகளும் அடியிலிருந்தே நெருக்கமாக வரும்.

ஆனால் மேலே பார்த்து வாங்க வேண்டாம். சாடிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நான் வாங்கிய கன்றில் அடிமரம் தொடங்கும் இடமே மண்ணுக்குள் நாலு விரல் ஆழத்தில் இருந்தது. காய்ந்த ஊசி இலையும் மண்ணும் அதை மூடிக் கிடந்தன. கடையில் அதைப்பற்றி யாரும் சொல்லவில்லை, அட்டையிலும் 'குட்டை ரகம்' என்பதைத் தவிர ஒன்றுமில்லை. எனக்கு அது நல்லதாகவே முடிந்தது: தோண்டத் தோண்ட அடிமரம் தடித்துக்கொண்டே போனது. மேலே குச்சியாகத் தெரிந்த மரம் கீழே என் பெருவிரலைப்போல் இரண்டு மடங்கு.

இதற்கு முந்திய கன்றை நான் சாகக் கொடுத்தேன். வேரைக் குழாய்த் தண்ணீரில் முழுதாகக் கழுவி, அதே நாளில் கிளைகளில் பாதியையும் வெட்டினேன். ஓகஸ்ட் வரை பச்சையாகவே நின்றது. அப்புறம் ஒரே வாரத்தில் செம்பட்டையாகிவிட்டது. பைன் உள்ளே செத்த பிறகும் பல வாரம் பச்சை காட்டும். அது தெரியாமல் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகவே இந்த முறை வேரில் பாதியை மட்டும்தான் தொட்டேன். ஏப்ரல் கடைசி, மொட்டுகள் வீங்கத் தொடங்கிய நேரம். பிளாஸ்ரிக் சாடியைக் கழற்றினால் வேர்கள் சாடியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி இறுகியிருந்தன. ஒரு பக்கத்தை மட்டும் வேர்க்கொளுக்கியால் வெளிப்புறமாகச் சீவி, பழைய மண்ணை எடுத்து, சுற்றிய தடித்த வேர்களை வெட்டினேன். மறுபக்கத்தில் கை வைக்கவில்லை. சீவும்போது வேரோடு வேராக வெள்ளைப் பஞ்சு நூல்கள் தெரிந்தன, காளான் மணமும் வந்தது. அதை நோய் என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். பைன் வேரோடு கூட்டுச் சேர்ந்து தண்ணீரும் சத்தும் எடுத்துக் கொடுக்கும் பூஞ்சணம் அது. பழைய மண்ணில் ஒரு பங்கை விட்டுவைப்பதே அதற்காகத்தான்.

புதுச் சாடியாக நான் எடுத்தது சமையலறை வடிகூடை. சுற்றிலும் ஓட்டை இருப்பதால் வேர் நுனி காற்றுப் பட்டுக் காய்ந்து, உள்ளே சிறு வேர்கள் கிளைக்கும். கலவை பியூமிஸ் என்ற நுரைக்கல், எரிமலைக் கல், கொஞ்சம் அகடாமா என்ற களிமண் உருண்டைகள். எல்லாவற்றையும் அரித்துத் தூசியைக் கொட்டிவிட வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் அகடாமா விலையும் கூட, எங்கள் உறைபனியில் பொடிந்தும் போகிறது, அதனால் குறைவாகப் போட்டாலே போதும். மரம் ஆடாதபடி கம்பியால் கட்டி, குச்சியால் குத்திக் குத்திக் கலவையை வேரிடையே இறக்கினேன். கீழால் வரும் தண்ணீர் தெளியும்வரை ஊற்றினேன்.

கிளைக்கு அந்த வருடம் கத்தரி வைக்கவே இல்லை. அடுத்த இலையுதிர் காலத்தில்தான் வெட்டினேன். அம்மா பக்கத்தில் நின்று, "நல்லா நிக்கிற மரத்தை ஏன் தம்பி வெட்டுறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. ஒரே இடத்தில் நாலைந்து கிளை சக்கரம்போல் புறப்பட்டிருந்தது. அப்படியே விட்டால் அந்த இடம் முடிச்சாக வீங்கி, அடியிலிருந்து நுனிக்கு ஒடுங்கிப் போகும் அழகு கெட்டுவிடும். இரண்டை வைத்து மற்றதை எடுத்தேன். வைத்த கிளைகளைக் குறைக்கும்போது ஒவ்வொன்றிலும் பச்சை ஊசி இலை மிஞ்சும்படி பார்த்துக்கொண்டேன். ஊசி இலை இல்லாத பழைய கட்டையில் பைன் திரும்பத் துளிர்ப்பது அபூர்வம். கையில் ஒட்டிய பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் போதும், சவர்க்காரம் மட்டும் போட்டால் போகாது.

இந்த மே மாதம் மெழுகுதிரி மாதிரி தளிர்கள் நிமிர்ந்து நிற்கின்றன, நான் சீவிய பக்கத்திலும்தான். 40 டொலருக்கு இந்த அடிமரம் கிடைத்ததில் எனக்கு முழுத் திருப்தி. உடனே அழகான சாடியில் வைத்துப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள் வைக்க வேண்டும் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம். இது வருடம் முழுக்க வெளியே நிற்க வேண்டிய மரம். மாரியில் நான் கூடையோடு தோட்ட மண்ணில் புதைத்து வைக்கிறேன். மறுபக்க வேரை அடுத்த ஏப்ரலில் பிரிப்பேன்.