எஸ்சிடலோபிராம் 10 மி.கி. மாத்திரை: 4/5, ஒரு ஸ்டார் கட் ஆனது முதல் வாரத்துக்கு

மனச்சோர்வுக்கோ பதட்டத்துக்கோ டாக்டர் எழுதி கொடுத்த இந்த மாத்திரையை மெடிக்கல்ல வாங்கிட்டு வந்து, ஸ்ட்ரிப்பை பிரிக்கிறதுக்கு முன்னாடியே கூகுள் பண்ணி பயந்து உக்காந்திருக்கீங்கன்னா இது உங்களுக்குத்தான்.

இதுல பெரிய கொடுமை என்னன்னா தொந்தரவெல்லாம் முதல்ல வந்துடும், நல்லது ரெண்டுலேருந்து நாலு வாரம் கழிச்சுதான் மெல்ல எட்டிப்பாக்கும், சிலருக்கு ஆறு வாரம் கூட ஆகும். எனக்கு குமட்டல், வாய் வறட்சி, ராத்திரி தூக்கம் போயி பகல் பூரா கொட்டாவி, படபடப்பு வேற முன்ன இருந்ததை விட ஜாஸ்தி, இந்த இடைவெளியிலதான் பாதி பேர் எனக்கு செட் ஆகலன்னு தூக்கி போட்டுடுறாங்கன்னு நினைக்கிறேன். சாப்பிட்டுட்டு போட்டா குமட்டல் கொறஞ்சுது, டாக்டர்கிட்ட கேட்டுட்டு காலை வேளைக்கு மாத்துனதும் தூக்கம் வந்துச்சு. ஆனா ஒண்ணு, ஆரம்பத்துலயும் டோஸ் மாத்தும்போதும், முக்கியமா 25 வயசுக்கு கீழ இருக்கவங்களுக்கு, செத்துடலாம்ங்கிற நினைப்பு வந்தாலோ ஒரு இடத்துல இருக்க முடியாம உள்ளுக்குள்ள துடிச்சாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே டாக்டருக்கு சொல்லுங்க, இல்ல அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416-க்கு போன் பண்ணுங்க, ராத்திரி பகல் எப்பவும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

வேலை செய்யுதான்னு எப்படி தெரியும்? சந்தோஷமெல்லாம் பொங்காது. குளிக்கணும்னா ஒரு மணி நேரம் மல்லுக்கட்டாம எந்திரிச்சு போயிடுவீங்க, அவ்ளோதான். எங்க வீட்டுல அம்மாதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க, "இப்பதான் தட்டுல சோறு மிச்சம் வைக்காம சாப்பிடுற"ன்னு. இஎம்ஐ அப்படியேதான் இருக்கு, அதுக்கு மாத்திரை இன்னும் வரல.

யாரும் வாய திறக்காத சமாச்சாரம், செக்ஸ்ல நாட்டம் கொறையும், உச்சம் லேட்டாகும். டாக்டர்கிட்ட கூச்சப்படாம சொல்லுங்க, டோஸை கொறைக்கவோ மருந்தை மாத்தவோ வழி இருக்கு.

"அடிமையாயிடுவப்பா"ன்னு சொல்ற சித்தப்பா எல்லா வீட்டுலயும் உண்டு. அவர் மனசுல வெச்சிருக்கறது தூக்க மாத்திரை. ஆரம்பத்துல கூடவே சிலருக்கு பதட்டம் தணிய, தூக்கம் வர குளோனாசெபம்னு ஒரு மாத்திரை எழுதுவாங்க, பழகிப்போற ரகம் அதுதான், அதனாலதான் அதை கொஞ்ச நாளைக்கு மட்டும் தருவாங்க. எஸ்சிடலோபிராமுக்கு அந்த ஏக்கம் கிடையாது, ஆனா பட்டுன்னு நிறுத்துனா தலை சுத்தும், எரிச்சல் வரும், மண்டைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி சுர்ருங்கும். நல்லான பிறகும் கொறஞ்சது ஆறு மாசம் தொடர சொல்வாங்க, அப்புறம் டோஸை படிப்படியா எறக்குவாங்க. ஊருக்கு கெளம்பும்போது ஸ்ட்ரிப் இருக்கான்னு பாத்துக்கோங்க.

விலை கம்பெனிக்கு கம்பெனி மாறுது, ஜெனரிக்ல போனா நல்லாவே கம்மி, அதே மருந்துதான். வேற டாக்டர் வலிக்கு டிரமடால், புரூஃபன் மாதிரி ஏதாச்சும் எழுதுனா இதை சாப்பிடுறேன்னு மறைக்காம சொல்லிடுங்க, சேந்தா சிக்கல் வரலாம். சரக்கு வேணாம்.