எட்டு வருடம் புழங்கிய பிறகு: எம்.டி.–பிஎச்.டி.யின் பிஎச்.டி. பாதி

அமெரிக்காவில் எம்.டி.–பிஎச்.டி. படிப்பில் 2015-இல் சேர்ந்தபோது கையில் ஒரு மாணவர் கையேட்டைக் கொடுத்தார்கள். 64 பக்கம். அதில் பிஎச்.டி. நிபந்தனைகள் 19-ஆம் பக்கத்தில் தொடங்கி 27-இல் முடிந்துவிடும். ஒன்பதே பக்கம். அதைக் கடக்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது.

போன வாரம் அக்கா மகள் தொலைபேசியில் கேட்டாள். "சித்தி, எம்.டி. பாதியைப் பத்தி எல்லாரும் சொல்றாங்க. பிஎச்.டி. பாதிக்கு நிஜமாவே என்னதான் கேப்பாங்க?" அவளிடம் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கே எனக்கு இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ். இடத்தில் இருக்கும் பட்டம். அதை முடித்துத்தான் ரெசிடென்சிக்கே, அதாவது மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சிக்கே, போக முடியும். அந்த எம்.டி.யையும் ஒரு முழு பிஎச்.டி.யையும் ஒரே சேர்க்கையில் தருவதுதான் இந்தப் படிப்பு. இரண்டு வருடம் மருத்துவ வகுப்பு, நான்கு வருடம் ஆய்வகம், திரும்பி வந்து இரண்டு வருடம் வார்டு. காகிதத்தில் கணக்கு எட்டு, பெரும்பாலானவர்களுக்கு நடைமுறையிலும் ஏறக்குறைய அதுதான். தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். 1964-இல் மூன்று கல்லூரிகளோடு இதற்கென ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. எம்.எஸ்.டி.பி. என்று சொல்வார்கள். இன்று அந்த நிதி 50-க்கும் மேற்பட்ட இடங்களுக்குப் போகிறது. கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் வரும். உடன் எம்.டி. மட்டும் படித்தவர்கள் லட்சக்கணக்கான டாலர் கடனோடு வெளியே போனார்கள். நான் கடனில்லாமல் போனேன், ஆனால் அவர்களைவிட நான்கு வருடம் தாமதமாக. விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

சரி, அந்த ஒன்பது பக்கத்துக்கு வருகிறேன்.

பாடங்கள் விஷயத்தில் முழு மதிப்பெண் கொடுப்பேன். எங்கள் துறையில் நேரடியாக பிஎச்.டி. சேர்ந்தவர்கள் முதல் ஒன்றரை வருடம் வகுப்பிலேயே கழித்தார்கள். எங்களுக்கு மருத்துவக் கல்லூரியில் படித்த உயிர்வேதியியல், செல் உயிரியல், நோய் எதிர்ப்பியல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். மீதி இருந்தது புள்ளியியல், துறைக் கருத்தரங்கம், உயர்நிலைப் பாடம் ஒன்று, ஆய்வு நெறிமுறை வகுப்பு. இந்த நெறிமுறை வகுப்பிலிருந்து மட்டும் யாருக்கும் விலக்கு இல்லை. என்.ஐ.எச். பணத்தில் பயிற்சி பெறுபவர் குறைந்தது எட்டு மணி நேரம் உட்கார வேண்டும், நான்கு வருடத்துக்கு ஒரு முறையாவது மறுபடி உட்கார வேண்டும். சலிப்பாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். பரிசோதனை முடிவைக் காட்டும் ஜெல் படத்தில் ஒரு பட்டையை வெட்டி ஒட்டியதால் கட்டுரையையே திரும்பப் பெற வேண்டி வந்த கதைகளை முதல் மணி நேரத்திலேயே போட்டுக் காட்டினார்கள். அன்று ஆய்வகத்துக்குத் திரும்பியதும் என் பழைய ஜெல் படங்களின் மூலக் கோப்புகளைத் தேடி எடுத்துத் தனியாகச் சேமித்து வைத்தேன்.

ரொட்டேஷனிலும் சலுகை உண்டு. ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று இடங்களில் கொஞ்ச காலம் வேலை செய்து பார்க்க வேண்டும். நேரடி பிஎச்.டி. மாணவர்கள் ஒரு முழு வருடத்தை அதற்குக் கொடுப்பார்கள். நாங்கள் சேர்வதற்கு முந்தைய கோடையிலும் முதல் வருடம் முடிந்த கோடையிலும் அடித்துப் பிடித்து முடித்துவிட்டோம். சலுகை என்று எழுதிவிட்டேன், இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. எட்டு வாரம் போதாது. ஆய்வகத் தலைவர், அதாவது பி.ஐ., எட்டு வாரம் இனிமையாகப் பேசுவது பெரிய காரியமா? அவரிடம் ஏற்கெனவே எம்.டி.–பிஎச்.டி. முடித்தவர்கள் எத்தனை பேர், எத்தனை வருடத்தில் வெளியே வந்தார்கள் என்பதை அந்தப் பழைய மாணவர்களையே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். என் மூன்றாவது ரொட்டேஷனின் பி.ஐ. பெரிய புகழுள்ளவர். நான்கு வருடத்தில் முடித்தவர் அவரிடம் ஒருவர்கூட இல்லை. பேசாமல் நகர்ந்துவிட்டேன்.

நான் சேர்ந்த ஆய்வகம் வடிகுழாய்களின் மேல் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் படலம் கட்டுவதைப் பற்றியது. தோலில் சாதுவாக இருக்கும் பாக்டீரியா. பிளாஸ்டிக்கைக் கண்டால் ஒட்டிக்கொண்டு ஒரு பிசின் போர்வையைப் போர்த்திக்கொள்ளும், அதன்பின் மருந்து எளிதில் வேலை செய்யாது. ஆய்வகத் தலைவர் வாரத்தில் ஒரு நாள் நோயாளிகளைப் பார்ப்பவர். எங்கள் ஆய்வை மேற்பார்வையிடும் பேராசிரியர் கமிட்டியில் ஒருவராவது மருத்துவராகவும் ஆய்வாளராகவும் இருக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி உண்டு. அந்த வரியை எழுதியவர் யாரோ, அவருக்கு என் நன்றி.

அடுத்தது குவாலிஃபையிங் தேர்வு, அதாவது பிஎச்.டி. ஆய்வைத் தொடரத் தகுதி உண்டா என்று பார்க்கும் தேர்வு. ஒன்பது பக்கத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்றால் நம்ப மாட்டீர்கள். பழைய காலத்தில் இரண்டு நாள் எழுத்துத் தேர்வாம். எங்கள் காலத்துக்குள் அதை ஒரு நிதி விண்ணப்பத்தின் வடிவத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் ஆய்வு நோக்கங்கள், ஆறு பக்கத்தில் ஆய்வுத் திட்டம், பிறகு கமிட்டியின் முன்னால் இரண்டு மணி நேர வாய்மொழித் தேர்வு. இரட்டைப் பட்ட மாணவர்களுக்கென்று என்.ஐ.எச். தரும் எஃப்30 உதவித்தொகைக்கும் அதே ஒன்று, ஆறு பக்கக் கணக்குதான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தேர்வுக்கு எழுதியதைத் திருத்தி 2018 ஏப்ரலில் அனுப்பினேன். விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அப்புறம் மதிப்பீட்டாளர் குறிப்புகளைப் படித்தால், மூவரில் இருவர் ஒரே குறையைச் சொல்லியிருந்தார்கள்: இரண்டாவது நோக்கம் முழுக்க முதலாவதை நம்பி நிற்கிறது, முதலாவது சறுக்கினால் எல்லாமே போச்சு. உண்மைதான். டிசம்பரில் மாற்றி எழுதி அனுப்பினேன், கிடைத்தது. நேரடி பிஎச்.டி. நண்பன் ஒருவன் என் படிப்பைத் தள்ளுபடி விலை பிஎச்.டி. என்று கேலி செய்வான். வகுப்பில் தள்ளுபடி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்த அறைக்குள் யாரும் எனக்கு ஒரு கேள்வியைக்கூடக் குறைத்துக் கேட்கவில்லை.

கற்பித்தல் நிபந்தனையைச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பருவம், நுண்ணுயிரியல் ஆய்வக வகுப்பு. நன்றாகவே போனது.

ஆய்வு நடக்கும் நான்கு வருடமும் வார்டை மறந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு வாரத்துக்கு ஒரு புதன் மதியம் வெளிநோயாளிப் பிரிவில் இருக்க வேண்டும். நல்ல எண்ணம், போதாத அளவு. எலிகளுக்குத் தொற்று ஏற்றிய நாளும் புதன்கிழமையாக வந்தால் எதை விடுவது? நான் பல முறை மருத்துவமனையை விட்டேன். அதன் வினையைப் பின்னால் அனுபவித்தேன்.

இனி, இந்தச் சரக்கில் எனக்கு உண்மையிலேயே பிடிக்காத பகுதி. கையேட்டின் 26-ஆம் பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள். ஒன்று, முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது "அனுப்பப்பட்டிருக்க வேண்டும்". மற்றொன்று, கிளார்க்ஷிப்புக்கு, அதாவது கடைசி இரண்டு வருட வார்டு பயிற்சிக்கு, திரும்பும் முன் ஆய்வேட்டின் டிஃபென்ஸ், அதாவது கமிட்டியின் முன் நடக்கும் இறுதி வாய்மொழித் தேர்வு, முடிந்திருக்க வேண்டும். பார்க்க எளிது. ஆனால் ஆய்வகத்துக்கு நாட்காட்டி கிடையாது, மருத்துவமனைக்கு நாட்காட்டியைத் தவிர வேறொன்றும் கிடையாது. இரண்டையும் இணைக்கும் தையல் இந்த இரண்டு வாக்கியம்தான், அது மிகவும் பலவீனமான நூலில் போடப்பட்டிருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் ஆய்வகத்தை மூடினார்கள். எலிகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னார்கள். எட்டு மாதமாக வளர்த்த வரிசையில் பாதி போய்விட்டது. ஜூனில் திறந்தபோது மறுபடி முதலிலிருந்து. கட்டுரையை அக்டோபரில் அனுப்பினேன். கையேட்டின்படி அதோடு என் கடமை முடிந்தது. கமிட்டியில் ஒருவர் மட்டும், "அனுப்பினால் போதாது, ஏற்கப்பட்டிருக்க வேண்டும், எங்கள் துறையில் அதுதான் வழக்கம்" என்றார். வழக்கம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. மதிப்பீட்டாளர் இன்னொரு பரிசோதனை கேட்டார், அது பிப்ரவரி வரை இழுத்தது. எங்கள் கல்லூரியில் கிளார்க்ஷிப்புக்குள் நுழைய வருடத்துக்கு ஒரே வாசல், மே மாத முதல் திங்கள். தவறவிட்டால் அடுத்த மே. ஏப்ரல் 16-ஆம் தேதி டிஃபென்ஸ் கொடுத்தேன், திரையில் முகங்களைப் பார்த்தபடி. தேர்ச்சி. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தித் தர வேண்டும். அந்தத் திருத்தத்தை அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்த முதல் ஐந்து வாரத்தில், விடிகாலை 4 மணிக்கு எழும் நாட்களின் இரவுகளில் எழுதினேன்.

அந்தப் பிரிவின் முதல் நாள் நோயாளியைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். பின்னணி, கருதுகோள், முறை என்று ஆய்வகக் கூட்டத்தில் பேசுவதுபோல ஆரம்பித்துவிட்டேன். மூத்த மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா, இல்லையா?" இருந்தது. நான் விட்ட புதன்கிழமைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

கையேட்டில் இல்லாத இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மருத்துவ உரிமத் தேர்வின் மூன்று படிகளையும் (ஸ்டெப் 1, 2, 3) ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பல மாநில மருத்துவ வாரியங்கள் கேட்கின்றன. நேராகப் படிப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு ஸ்டெப் 1-க்கும் ஸ்டெப் 3-க்கும் நடுவில் ஒரு முழு பிஎச்.டி. உட்கார்ந்திருக்கிறது. இரட்டைப் பட்டக்காரர்களுக்கு விலக்குத் தரும் மாநிலங்கள் உண்டு, ஆனால் நீங்கள் வேலை செய்யப் போகும் மாநிலம் எது என்று இரண்டாம் வருடத்திலேயே தெரியுமா? நான் ஸ்டெப் 1 எழுதியது 2017 ஏப்ரலில், ஸ்டெப் 3 எழுதியது 2024 பிப்ரவரியில். இரண்டு மாத இடைவெளியில் தப்பினேன். இதே ஸ்டெப் 1-இன் மூன்றிலக்க மதிப்பெண்ணுக்காக நான் ஆறு வாரம் தூக்கமில்லாமல் படித்தேன். 2022 ஜனவரியிலிருந்து அது வெறும் தேர்ச்சி, தோல்வி ஆகிவிட்டது. வயிற்றெரிச்சல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

யாருக்கு இது கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலர் இதில் ஏமாறுகிறார்கள். என்.ஐ.எச். பயிற்சி நிதியும் எஃப்30-ம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும்தான். மாணவர் விசாவில் இருப்பவரைச் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் எடுக்கும், இடங்கள் மிகக் குறைவு. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே அந்தந்த அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அக்கா மகள் இங்கே அமெரிக்காவில் பிறந்தவள், அவளுக்கு அந்தக் கவலை இல்லை. அவளிடம் நேர்காணலில் கேட்க மூன்று கேள்வி கொடுத்தேன். கட்டுரை அனுப்பினால் போதுமா, ஏற்கப்பட வேண்டுமா, அது எழுத்தில் இருக்கிறதா? கிளார்க்ஷிப்புக்கு வருடத்தில் எத்தனை நுழைவாயில்? கடைசி ஐந்து வருடத்தில் வெளியே போனவர்கள் ஆய்வகத்தில் எத்தனை வருடம் இருந்தார்கள்? மூன்றாவது கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லாமல் "ஆளுக்கு ஆள் மாறும்" என்று மட்டும் சொல்லும் இடத்தைப் பட்டியலின் அடியில் வைக்கச் சொன்னேன்.

நட்சத்திரம் போட்டே ஆக வேண்டுமென்றால்: பாடங்களுக்கும் குவாலிஃபையிங் தேர்வுக்கும் ஐந்து. கமிட்டி முறைக்கு நான்கு. புதன்கிழமைகளுக்கு மூன்று, அதிலும் பாதித் தவறு என்னுடையது. 26-ஆம் பக்கத்துக்கு ஒன்று. மொத்தமாக எவ்வளவு என்று அக்கா மகள் கேட்டாள். அதைச் சராசரி எடுத்துச் சொல்ல முடியவில்லை. போன மாதம் வார்டில் ஒரு நோயாளியின் வடிகுழாய் வழியாக எடுத்த ரத்தத்தில் எபிடெர்மிடிஸ் வளர்ந்த முடிவு வந்தது. மருந்தைக் கூட்டலாமா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, குழாயை முதலில் எடுத்துவிடுவோம் என்றேன். பாடப்புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் படலத்தை நான் நான்கு வருடம் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன், சொல்லும்போது குரலில் தயக்கம் இருக்கவில்லை.

நேற்று இரவு அவளுடைய விண்ணப்பக் கட்டுரைகளின் முதல் வரைவு வந்தது. சாதாரண எம்.டி. விண்ணப்பத்துக்கு மேல் இதற்கு இரண்டு கட்டுரை கூடுதலாக எழுத வேண்டும். ஏன் இரண்டு பட்டமும் என்பதற்கு 3,000 எழுத்து, செய்த ஆய்வுக்கு 10,000 எழுத்து. ஆய்வுக் கட்டுரை நன்றாக வந்திருக்கிறது. முதலாவதில் மட்டும் "ஆர்வம்" என்ற சொல் பதினொரு தடவை இருந்தது. ஒன்பதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.