ஹாலோபெரிடால் மாத்திரை: எங்கள் வீட்டு அனுபவம்

பாம்பனில் நாற்பது ஆண்டுகள் வலை பின்னிய என் அப்பாவுக்கு ஹன்டிங்டன் என்னும் மரபுவழி மூளை நோயால் கைகால்கள் தாமாகவே நெளியத் தொடங்கியபோது, நரம்பியல் மருத்துவர் ஹாலோபெரிடால் மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதிக் கொடுத்தார். 1958-இல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வகத்தில் உருவான இம்மருந்து மனச்சிதைவு நோய்க்கானது என்றாலும், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருளைப் பெறும் டி2 ஏற்பிகளை அடைப்பதால் இத்தகைய அசைவுகளையும் தணிக்கிறது.

மூன்றாம் வாரம் அப்பா தேநீர்க் குவளையைச் சிந்தாமல் உதட்டுக்குக் கொண்டுபோனதைப் பார்த்து அம்மா அடுப்படியிலேயே அழுதுவிட்டார். விலை குறைவென்பதால் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் மருந்து தடைபடவில்லை.

ஒருமுறை மருந்துக்கடையில் 1.5 மில்லிகிராமுக்குப் பதிலாக 5 மில்லிகிராம் அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டே நாளில் அப்பாவின் கழுத்து விறைத்து, முகம் அசைவற்றுப் போய், நடை தளர்ந்தது. அந்த இரண்டு இரவுகளும் எங்களில் யாரும் உறங்கவில்லை. மருத்துவரிடம் ஓடி, அளவைச் சரிசெய்த பிறகே தேறினார்.

இது நோயைக் குணப்படுத்தாது. நீண்டகாலம் உட்கொண்டால் வாயிலும் நாக்கிலும் புதிய அசைவுகளை இம்மருந்தே உண்டாக்கக்கூடும் என்பதால், மருத்துவர் ஒவ்வொரு முறையும் அப்பாவை நாக்கை நீட்டச் சொல்லிக் கவனிக்கிறார். நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். அட்டையில் உள்ள அளவைக் கடையிலேயே நின்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.